வராத தகப்பன்

கண்ணீர் வரவழைக்கிற படம் என்றாலே விஷயம் தெரிந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெண்பிள்ளைகள் மூக்கைச் சிந்துவதற்காக எடுத்தது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு இந்த அபிப்பிராயம் சம்மதமில்லை. சிரிக்க வைப்பது எவ்வளவு கௌரவமான தொழிலோ, அழ வைப்பதும் அவ்வளவு கௌரவமான தொழில்தான். ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. இந்தப் படங்கள் நம்மை யாருக்காக அழச் சொல்கின்றன? அப்படி நாம் அழுதுகொண்டிருக்கும்போது, பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிற இன்னொருத்தியைப் பார்க்க விடாமல் செய்கின்றனவா?

1930 முதல் 1960 வரை ஹாலிவுட்டில் வந்த காதல் மெலோடிராமாக்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. அமெரிக்காவில் பல நிறத்து ஜனங்கள் இருந்தார்கள். அந்தப் படங்களிலும் இருக்கிறார்கள். கதவைத் திறக்கிறார்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், எஜமானியின் மனக்கஷ்டத்தைக் கேட்டுத் தலையை ஆட்டுகிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று தலையெண்ணிப் பயனில்லை. கதைக்குள் அவர்களுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் கேள்வி. காதலிக்கிற பாத்தியதை யாருக்கு இருந்தது? கோபப்படுகிற பாத்தியதை யாருக்கு இருந்தது?

இதில் ஸ்டூடியோக்காரர்களின் மனப்போக்கு மாத்திரம் அல்ல, எழுதி வைத்த சட்டமும் இருந்தது. 1930-இல் அமெரிக்கப் படமுதலாளிகள் தங்களுக்குத் தாங்களே ஓர் ஒழுக்க விதித் தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். 1934-லிருந்து ஜோசப் பிரீன் என்பவருடைய ஆபீஸ் அதை மிகவும் கண்டிப்பாக அமல் நடத்தியது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே உடலுறவைக் காட்டக் கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. எழுத்தில் கறுப்பர் என்று மட்டும் இருந்தாலும், ஆசியாக்காரர் விஷயத்திலும் ஸ்டூடியோக்கள் அதே பயத்தோடுதான் நடந்துகொண்டன. 1956-இல்தான் அந்த விதி நீங்கியது. நாட்டுச் சட்டமோ இன்னும் பின்னால் வந்தது. இனம் மாறிக் கல்யாணம் செய்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1967-இல். அன்றைக்குக்கூடப் பதினாறு மாகாணங்களில் அப்படிப்பட்ட சட்டம் இருந்தது.

கதாசிரியனின் மேஜைமேல் இப்படி ஒரு விதியை வைத்துவிட்டால் என்ன ஆகும்? கதையின் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துபோய்விடும். நிறம் மாறிக் காதலித்தவர்களில் ஒருவர் சாக வேண்டும், அல்லது ஊரைவிட்டுப் போக வேண்டும். 1939-இல் வந்த 'தி ரெயின்ஸ் கேம்' என்ற படத்தில் கற்பனையான ராஞ்சிப்பூர் சமஸ்தானத்தில் ஓர் இந்திய டாக்டரிடம் ஆங்கிலேயச் சீமாட்டி மனத்தைப் பறிகொடுக்கிறாள். பூகம்பம் வருகிறது, வெள்ளம் வருகிறது, கொள்ளைநோய் வருகிறது. அவள் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து செத்துப்போகிறாள். அதே கதையை 1955-இல் மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை அவள் சாகவில்லை, ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். பதினாறு வருஷத்து முன்னேற்றம் அவ்வளவுதான். டாக்டராக முதலில் டைரோன் பவரும், பிறகு ரிச்சர்டு பர்ட்டனும் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு நடித்தார்கள். இந்தியன் காதலிக்கலாம், ஆனால் அவன் இந்தியனாக இருக்கக் கூடாது என்று ஏற்பாடு.

சீனப் பெண்ணுக்கும் இதே கதிதான். லாஸ் ஏஞ்ஜலீஸில் பிறந்து, பேசாத படக் காலத்திலேயே புகழ் பெற்றவர் ஆன்னா மே வாங். 'தி குட் எர்த்' படத்தில் குடியானவப் பெண் ஓலானாக நடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. 1937-இல் வெளிவந்த அந்தப் படத்தில் கணவனாக நடித்தவர் பால் முனி, வெள்ளைக்காரர். அவருக்குச் சீன மனைவி ஒருத்தியை நிஜமாகவே பக்கத்தில் நிறுத்தி வைக்க அன்றைய ஹாலிவுட்டுக்குத் துணிவில்லை. வேஷம் லூயிஸ் ரெயினருக்குப் போயிற்று, அவருக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆன்னா மே வாங்குக்குக் குடும்பத்தைக் கெடுக்க வரும் ஆசைநாயகி வேஷத்தைக் காட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இவை எல்லாம் தெரிந்த சங்கதிகள் என்று சிலர் சொல்லக்கூடும். இந்த வகைப் படங்களில் ஒன்றே ஒன்று, தன்னைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு எடுத்த மாதிரி இருக்கிறது. 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' என்று அதற்குப் பெயர். வாழ்க்கையின் போலி என்று பொருள் சொல்லலாம். ஃபானி ஹர்ஸ்டு 1933-இல் வெளியிட்ட நாவலை வைத்து யூனிவர்ஸல் ஸ்டூடியோ இரண்டு தடவை படம் எடுத்தது. 1934-இல் ஜான் ஸ்டாலும் 1959-இல் டக்ளஸ் ஸர்க்கும் டைரக்ட் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் கேட்ட கேள்விக்குப் பாதி பதில் கிடைக்கும்.

முதல் படத்தின் கதை இது. புருஷனை இழந்த பீ என்ற வெள்ளைக்காரி, மேப்பிள் பாகு விற்றுப் பிழைக்கிறாள். டிலைலா என்ற கறுப்புப் பெண் தன் சின்னப் பெண்ணோடு அவள் வீட்டுக்கு வந்து, சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் வேலை செய்கிறேன் என்கிறாள். டிலைலாவுக்குக் குடும்ப ரகசியமாக ஒரு பான்கேக் பக்குவம் தெரியும். அதை வைத்துக் கடை ஏற்படுகிறது. பிறகு மாவைப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள், பணம் கொட்டுகிறது. பெட்டியின்மேல் சிரிக்கிற முகம் டிலைலாவுடையது, லாபத்தில் அவளுக்கு நூற்றுக்கு இருபது. பக்குவம் யாருடையதோ அவளுக்கு இருபது! அதையும் அவள் வாங்கிக்கொண்டு தனி வீடு பார்த்துப் போகச் சம்மதிக்கவில்லை. உங்களைவிட்டு நான் எங்கே போவேன், என் சவ அடக்கத்தை மாத்திரம் நன்றாக நடத்திவிடுங்கள் என்கிறாள்.

இந்த இடத்தில் படம் நம்மை நெகிழச் சொல்கிறது. எனக்கு நெகிழ வரவில்லை. ஒரு பாத்திரம் தனக்கு வர வேண்டியதை வேண்டாம் என்று சொல்லும்போது, அந்தச் சொல் பாத்திரத்தின் வாயிலிருந்து வருகிறதா, எழுதினவர்களின் சௌகரியத்திலிருந்து வருகிறதா என்று பார்ப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். டிலைலா பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டால் பீயின் செல்வம் எப்படி வந்தது என்று படம் பார்க்கிறவர்கள் கேட்பார்கள். அவள் வேண்டாம் என்றதால் யாரும் கேட்பதில்லை. நியூயார்க்கில் இருவரும் ஒரே பெரிய வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் இரவில் விடை பெற்றுக்கொண்டு பீ மாடிப்படி ஏறுகிறாள், டிலைலா படியிறங்கிக் கீழே போகிறாள். எந்த வசனமும் சொல்லாததை அந்தப் படிக்கட்டு சொல்லிவிடுகிறது. டைரக்டர் தெரிந்து செய்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. காமிரா பொய் சொல்லவில்லை.

டிலைலாவின் பெண் பியோலா வெள்ளைக்காரி என்று சொன்னால் நம்பும்படியான நிறம் உடையவள். பள்ளிக்கூடத்தில் அவள் யார் என்று யாருக்கும் தெரியாது. மழை நாளில் தாய் குடையை எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நிற்கிறாள்; குட்டு வெளிப்பட்டுப் போகிறது. வளர்ந்த பிறகு தாயை யார் என்று தெரியாது என்றே சொல்லிவிடுகிறாள். இந்த வேஷத்தைத் தாங்கிய ஃப்ரெடி வாஷிங்டன் நிஜமாகவே கறுப்பினத்தைச் சேர்ந்தவர். முந்தின வருஷம் 'தி எம்பரர் ஜோன்ஸ்' படத்தில் பால் ராப்ஸன் வெள்ளைக்காரி ஒருத்தியை அணைப்பதுபோல் தோன்றிவிடக் கூடாதே என்று இதே பெண்ணின் முகத்தைக் கறுப்பாக்கி நடிக்கவைத்தார்கள். மறு வருஷம் அவருடைய வெளுப்புக்காகவே வேஷம் கொடுத்தார்கள். ஒரே முகத்தை ஒரு தடவை போதாத கறுப்பு என்றும், ஒரு தடவை போதுமான வெளுப்பு என்றும் கணக்குப் போட்ட தொழில் அது. வாழ்க்கையில் அவர் வெள்ளைக்காரியாக வேஷம் போட ஒருநாளும் இசையவில்லை. 1937-இல் கறுப்பு நடிகர்களுக்காக ஒரு சங்கத்தை ஏற்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இந்தக் கதைக்கு பிரீன் ஆபீஸ் எதிர்ப்புத் தெரிவித்தது. படத்தில் எந்தக் கறுப்பனும் எந்த வெள்ளைக்காரியையும் தொடவில்லை. எதிர்ப்பு பியோலாவின் முகத்துக்குத்தான். அவ்வளவு வெளுத்த பெண் எப்படிப் பிறந்தாள்? முன்பு எப்போதோ, எந்தத் தோட்டத்திலோ, எந்த எஜமானனோ செய்த காரியம் அந்த முகத்தில் எழுதியிருக்கிறது. அடிமை நாட்களில் கேட்க நாதியில்லாமல் நடந்ததைப் படத்தில் காட்டவேண்டாம். அதன் விளைவாகப் பிறந்த ஒரு பெண்ணைக் காட்டினாலே விதிக்கு ஆகவில்லை. அதனால் ஒரு தகப்பன் வேண்டியிருந்தான். பியோலாவின் அப்பா மிகவும் வெளிர் நிறமான கறுப்பர் என்று டிலைலா ஒரு வார்த்தை சொல்கிறாள். அவர் வரவில்லை, செத்துப்போய்விட்டார். இருபத்தைந்து வருஷம் கழித்து ஸர்க்கின் படத்திலும் தாய் அதையேதான் சொல்கிறாள்: அவள் அப்பா கிட்டத்தட்ட வெள்ளைக்காரர் மாதிரி இருப்பார், விட்டுவிட்டுப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருஷச் சரித்திரத்தை அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள். இரண்டு படங்களிலும் முக்கியமான பாத்திரம் யார் என்று என்னைக் கேட்டால், வராத இந்தத் தகப்பன்தான் என்பேன். அவன் மேடைக்கு வந்திருந்தால் பெண் ஏன் ஓடுகிறாள் என்பதற்குக் காரணம் கிடைத்திருக்கும். அவன் வராததால், பெண் நன்றி கெட்டவளாகவும் தாய் பொறுமையின் சிகரமாகவும் நமக்குத் தெரிகிறார்கள்.

1959-ஆம் வருஷப் படம் மேலோட்டமாகப் பார்த்தால் பின்னோக்கிப் போயிருக்கிறது. பழைய படத்தின் டிலைலாவுக்கு இருபது பங்காவது உண்டு. ஜுவானிடா மூர் நடித்த ஆன்னிக்கு அதுவும் இல்லை. கதாநாயகி லோரா, அதாவது லானா டர்னர், நாடக நடிகையாகப் பெரும் புகழ் பெறுகிறாள். ஆன்னி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். ஆன்னியின் பெண் ஸேரா ஜேனாக நடித்த சூஸன் கோனர் கறுப்பினத்தவர் அல்ல; அவருடைய தாய் மெக்ஸிகோ நடிகை, தகப்பனார் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர். இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நிறம் என்பது பிறர் நம்புகிற நம்பிக்கைதான் என்று காட்ட இதுவே பொருத்தம் என்று வாதிப்பவர்களும் உண்டு. வாதம் சாமர்த்தியமானது, ஆனால் ஒரு கேள்விக்கு அதில் பதில் இல்லை. கறுப்பு நடிகை வெள்ளைக்காரி வேஷம் போட அதே ஸ்டூடியோவில் அதே வருஷம் இடம் கிடைத்திருக்குமா? ஒரு பக்கமாக மாத்திரம் திறக்கிற கதவைக் காட்டிக் கதவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

இருந்தும் இரண்டாவது படமே உயர்ந்தது என்பது என் முடிவு. ஸர்க் ஜெர்மனியிலிருந்து வந்தவர். பளபளப்பான வீடு, நகை, ரோமக் கோட்டு எல்லாவற்றையும் முதலாளி கேட்டபடி கொடுத்துவிட்டு, அவற்றுக்கு நடுவிலேயே உண்மையையும் வைத்துவிடுகிற தந்திரம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆன்னி தன் சாவுச் சடங்கைப் பற்றியும், அதற்கு வரப்போகும் சிநேகிதர்களைப் பற்றியும் பேசுகிறாள். லோராவுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உனக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லையே என்கிறாள். நீங்கள் கேட்டதில்லையே அம்மா என்கிறாள் ஆன்னி. குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவளைப் பற்றி லோராவுக்கு ஒன்றும் தெரியாது. படம் பார்த்துக்கொண்டிருந்த நமக்கும் தெரியாது; நாமும் லோராவின் காதலன் திரும்பி வருவானா என்றுதானே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்? அந்த ஒரு பதில் லோராவை மாத்திரம் தொடவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்களையும் தொடுகிறது.

ஸேரா ஜேன் பாத்திரத்தில்தான் படத்தின் கோபம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. சின்ன வயதில் அவளுக்குக் கறுப்புப் பொம்மை கொடுக்கிறார்கள், கீழே போட்டுவிடுகிறாள். பெரியவளானதும், விருந்தாளிகளுக்குப் பலகாரம் கொண்டுவரச் சொன்னால் தட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, பழைய தென்மாகாணத்து அடிமைப் பெண் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு வருகிறாள். லோராவுக்கு வருத்தம். உன்னை நான் வித்தியாசமாக நடத்தியிருக்கிறேனா என்று கேட்கிறாள். லோரா நல்லவள்தான், கஷ்டமும் அதுதான். கெட்ட எஜமானியாக இருந்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நாம் சௌகரியமாக வீடு திரும்பியிருக்கலாம். நல்லவர்கள் நடத்துகிற வீட்டிலும் சமையலறை வாசல் பின்பக்கம்தான் இருக்கிறது என்று அந்தத் தட்டு சொல்கிறது. அவள் காதலித்த வெள்ளைக்காரப் பையன் உண்மை தெரிந்ததும் தெருவில் வைத்து அடிக்கிறான். இந்தக் காதல் படத்திலே அவளுக்குக் கிடைத்த காதல் காட்சி இதுதான். ஆன்னிக்கு அதுவும் இல்லை.

தாயும் பெண்ணும் கடைசியாகச் சந்திக்கும் காட்சி ஹாலிவுட்டில் ஒரு விடுதி அறையில் நடக்கிறது. பெண் வேறு பெயரில் நடனமாடிப் பிழைக்கிறாள். தாய் கூட்டிக்கொண்டு போக வரவில்லை; ஒரு தடவை கட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள். அப்போது பெண்ணின் தோழி வந்துவிடுகிறாள். ஆன்னி ஒரு கணம்கூடத் தயங்காமல், நான் இந்தப் பெண்ணை வளர்த்த ஆயா என்று சொல்கிறாள். பெற்ற பெண் பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தாய் ஸ்தானத்தை ராஜினாமாச் செய்துவிடுகிறாள். ஹாலிவுட் முப்பது வருஷமாகக் கறுப்புப் பெண்களுக்குக் கொடுத்துவந்த அதே ஆயா வேஷத்தை ஒரு தாய் தன் கையாலேயே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். 1940-இல் முதல் கறுப்பு நடிகையாக ஆஸ்கார் வாங்கிய ஹாட்டி மக்டானியலுக்குக் கிடைத்ததும் ஆயா வேஷம்தான். பரிசு வாங்க வந்த விருந்திலும் அவரைத் தனி மேஜையில்தான் உட்காரவைத்தார்கள்.

இதெல்லாம் கதைக்கு உதவும், நிஜத்தில் நடக்குமா என்று கேட்கலாம். மெர்ல் ஓபரான் 1939-இல் 'வதரிங் ஹைட்ஸ்' படத்தில் காதலுக்காக உருகிச் சாகும் ஆங்கிலப் பெண் கேத்தியாக நடித்துப் புகழ் பெற்றவர். அதற்கு முன்பே 'தி டார்க் ஏஞ்ஜல்' என்ற 1935-ஆம் வருஷப் படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்காருக்கு அவர் பெயர் வந்தது. தாம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டார். உண்மையில் 1911-இல் பம்பாயில் பிறந்தவர். அவரை வளர்த்த ஷார்லட் செல்பி இலங்கையைச் சேர்ந்த கலப்பினப் பெண்மணி. சினிமாவுக்கு வந்தபின் அந்தத் தாயைப் பிறர் முன்னால் வேலைக்காரி என்று சொல்லி வைத்திருந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்கிறார்கள். 1979-இல் இறக்கும்வரையில் உண்மையை அவர் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் கேத்தியாக நடித்திருக்க முடியாது. வெள்ளைக்காரனைக் காதலிக்கவே அந்த விதிகளின்படி அருகதை இருந்திராது. ஸேரா ஜேனை நன்றி கெட்டவள் என்கிறவர்கள் இந்த அம்மாளின் கதையையும் யோசித்துப் பார்க்க வேண்டும். பொய்யைச் சொன்னது ஒருத்தி. சொல்லாவிட்டால் சோறு இல்லை என்று செய்து வைத்தது ஒரு தொழில்.

படத்தின் முடிவுக்கு வருகிறேன். ஆன்னி இறந்துபோகிறாள். பணம் சேர்த்து வைத்து ஏற்பாடு செய்த சவ ஊர்வலம் வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியோடு நடக்கிறது. மஹாலியா ஜாக்ஸன் பாடுகிறார். மாதா கோயில் நிறைய ஜனங்கள், தெரு நிறைய ஜனங்கள். லோரா கேட்டறியாத சிநேகிதர்கள் இவர்கள்தான். இரண்டு மணி நேரமாக எங்கே இருந்தார்கள் இவர்கள்? ஆன்னிக்கென்று ஒரு முழு ஊர் இருந்திருக்கிறது. படம் அதன் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கதாநாயகி லோரா அந்தக் கூட்டத்தில் வந்தவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருக்கிறாள். கறுப்புப் பெண் ஒருத்தி கதையின் நடுவுக்கு வர அன்றைய ஹாலிவுட்டில் ஒரே வழிதான் இருந்தது, அவள் சவப்பெட்டியில் வர வேண்டும்.

ஓடிவந்த பெண் பெட்டியின்மேல் விழுந்து, நான்தான் அம்மாவைக் கொன்றேன் என்று கதறுகிறாள். கொட்டகையில் எல்லோரும் அழுகிறார்கள். இந்த அழுகையைப் பற்றித்தான் எனக்கு விவாதம். ஒரு பெண் தாயை விட்டு ஓடினாளே என்று அழுதால், குற்றம் முழுவதும் அவள் தலையில் விழுந்துவிடுகிறது. படத்தை எடுத்தவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் மனம் லேசாகிவிடுகிறது. தாய்க்கும் பெண்ணுக்கும் நடுவே நின்றது எது என்று நினைத்து அழுதால் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகும் கேள்வி மிச்சமிருக்கும். ஸ்டாலின் படம் முதல் வகை அழுகையோடு திருப்தி அடைந்துவிடுகிறது. பியோலா சமர்த்தாகக் காலேஜுக்குத் திரும்பிவிடுகிறாள். ஸர்க்கின் படத்தில் லோரா ஸேரா ஜேனைத் தன் காரில் ஏற்றிக்கொள்வதோடு சரி. அந்தப் பெண் நாளைக்கு எங்கே போவாள், எந்தப் பெயரில் இருப்பாள் என்று படம் சொல்லவில்லை. சொல்லத் தெரியாததைச் சொன்னதாகப் பாசாங்கு செய்யாததே அந்த முடிவின் யோக்கியதை.

ஜுவானிடா மூர், சூஸன் கோனர் இருவர் பெயரும் சிறந்த துணை நடிகை ஆஸ்காருக்கு வந்தன. இருவருக்கும் பரிசு கிடைக்கவில்லை. 1934-இல் லூயிஸ் பீவர்ஸ் டிலைலாவாக நடித்தபோது அப்படி ஒரு பரிசே ஏற்பட்டிருக்கவில்லை. இரண்டு படங்களையும் பாதுகாக்கத் தக்கவை என்று அமெரிக்க நாட்டின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், ஒன்றை 2005-லும் மற்றதை 2015-லும், தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. ஜுவானிடா மூர் 2014-ஆம் வருஷத்தின் முதல் நாளில், தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார். ஆஸ்காருக்குப் பெயர் வருவதற்கு முன்னால்தான் தமக்கு அதிக வேலை கிடைத்துக்கொண்டிருந்தது என்று அவர் ஒரு முறை சொன்னார். அவ்வளவு பெரிய நடிகையை இரண்டு நாள் வேலைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று ஸ்டூடியோக்காரர்கள் கூச்சப்பட்டார்களாம். அந்த இரண்டு நாள் வேலையைத் தவிர அவருக்குக் கொடுக்க அவர்களிடம் வேறு வேஷம் இல்லை.